வெயிலுக்கு ஒரு சட்டை



மன்னாரிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கப்பட்ட பிறகு, அவருடைய மகன் லீசிங்கில் ஒரு வெள்ளைக் கார் எடுத்திருக்கிறார். கார் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் காரை முழுவதுமாக மூடி, பளபளப்பில்லாத கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். மூன்று மாதத் தவணைக் காசு அதற்கு வேண்டும். “அம்மா, இது அழகுக்கு மட்டுமில்லை, மன்னார் வெயிலுக்குப் பெயின்ற் பழுதாகாமல் காக்கும்” என்கிறாராம். தாய் கேட்கிறார்: “என்னிடம் இருக்கிற சீட்டுக் காசைக் கொடுக்கவா, விடவா?”

சமையலும் சேமிப்பும் பிள்ளைகளின் படிப்பும் எழுதி வருகிற இந்தப் பக்கத்துக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் என்னிடம் இருக்கிறது. காசு கொடுத்துப் படித்த பதில்.

என்னுடைய கார் சிவப்பு. 2014இல் இரண்டாம் கையாக வாங்கிய சின்னக் கார். நான் படிப்பித்த பாடசாலையில் அதிபரின் வாகனத்துக்கு மட்டும்தான் நிழல். மற்ற ஆசிரியர்களின் வண்டிகளெல்லாம் மைதான ஓரத்தில் காலை ஏழரை முதல் இரண்டு மணிவரை வெயில் குடிக்கும். அம்மாவை மாதத்துக்கு இரண்டு முறை கிளினிக்குக் கொண்டு போவதும், நல்லது கெட்டதுக்கு ஓடுவதும் அந்தக் காரில்தான். யாரையும் கெஞ்சாமல் விடியப்புறம் நான்கு மணிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்படலாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று, அப்படிப் புறப்பட்டவர்களுக்குத் தெரியும். இறக்குமதி நின்றதும் பழைய கார்களின் விலை, வாங்கிய விலைக்கும் மேலே ஏறியது. வீடு வளவுக்கு அடுத்ததாக என்னிடம் இருக்கிற பெறுமதியான சொத்து அந்தச் சிவப்புக் கார்தான் என்று ஒருநாள் திடீரென விளங்கியது.

அது விளங்கிய காலத்தில்தான் கூரையில் வெளிறல் தொடங்கியிருந்தது. முதலில் மினுக்கம் போனது. பிறகு சோறு வடித்த கஞ்சி காய்ந்து பொருக்கு விடுவதுபோல வெள்ளை வெள்ளையாகக் கழன்றது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவும் மூன்று பகலும் வீதியோரத்தில் நின்று வந்த பிறகு பொனற்றிலும் அதே கதை.

அது என்ன பொருக்கு என்பதை அப்போது நான் அறியவில்லை. இப்போது சொல்கிறேன். காரின் நிறம் ஒரே ஒரு பூச்சு அல்ல. அடியில் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன் மேல் பிறைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு படை. அதைக் கராஜ்காரர் கிளியர் கோட் என்பார்கள். எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான். அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரோன். நம்முடைய தலைமயிரைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரை முதலில் வாங்கி, அடியிலுள்ள நிறத்தைக் காப்பது அந்தப் படைதான். கதிரை உறிஞ்சுவதற்காக அதற்குள் கலந்திருக்கும் மருந்து வருடக்கணக்கில் தீர்ந்து போகிறது. தீர்ந்தால் படை நொய்ந்து, அடியிலுள்ள நிறத்தை விட்டுக் கழரும்.

இதில் நான் செய்த பிழையும் ஒன்று உண்டு. ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் காரைக் கொண்டுபோய் ‘கட்டிங் பொலிஷ்’ போடுவிப்பேன். புதுக் கார் மாதிரி வரும், எனக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தப் பொலிஷ் அராவி எடுப்பது இந்தக் கிளியர் கோட்டைத்தான். காசு கொடுத்து வருடா வருடம் காரின் தோலை உரித்திருக்கிறேன்.

கதவுகள் நன்றாக இருக்க, கூரையும் பொனற்றும் மட்டும் ஏன் முதலில் போகின்றன? அவை வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் சூரியன் நம்முடைய தலைக்கு நேரே வந்துவிடும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை வரும். கதவில் சாய்ந்து விழுகிற வெயில் கூரையில் செங்குத்தாக விழுகிறது. கார்ப் பெயின்ற் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவில் புளோரிடா, அரிசோனா என்று இரண்டு மாநிலங்களில், பூச்சுப் பூசிய தகடுகளைத் திறந்த வெளியில் சட்டங்களில் பூட்டி, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் வெயிலில் போட்டுப் பார்க்கிறார்கள். அரிசோனா வறண்ட வெயில். புளோரிடா வெயிலும் ஈரமும் சேர்ந்த இடம், நம்முடைய கரையோரத்தைப் போல. கார்ப் பூச்சுத் தகடுகளை அங்கே அநேகமாகப் படுக்கையாக, 5 பாகை மட்டும் சரித்து வைப்பார்களாம். பொனற் படுத்திருக்கிற மாதிரியேதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2023 தொடக்கத்தில் மச்சாளின் மகன் சொன்னான், “மாமி, பெயின்ற் அடிக்கிற செலவு ஏன்? மேலை ஸ்ரிக்கர் ஒட்டினால் ஊத்தையும் மறையும், வெயிலும் படாது.” நானும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “சேர் வரேல்லையா?” என்பது. கார் என்னுடையது, காசும் என்னுடையது என்றேன். பிறகு அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நிறத்தைக் காட்டினார், விலையைச் சொன்னார். கூரைக்கும் பொனற்றுக்கும் கறுப்பு ஒட்டுவதாக முடிவாயிற்று. 2017இல் ஒரு மாட்டோடு மோதி அந்தப் பொனற்றுக்குத் திரும்பப் பெயின்ற் அடித்திருந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவும் தெரியாது.

ஆறு மாதம் கார் அழகாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகள் “ரீச்சரின்ரை கார் ரேஸ் கார்” என்று பகிடி பண்ணினார்கள். பிறகு ஓரங்கள் சுருண்டன. ஒரு வருடத்தில் கூரை ஸ்ரிக்கர், காய்ந்த குளத்தின் சேறு மாதிரி வெடித்தது.

2024இல் அம்மாவுக்கு முழங்கால் சத்திர சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. காரை விற்போம் என்று தீர்மானித்தேன். வாங்க வந்தவர் பொனற் ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டிப் பார்த்தார். “இதுக்குக் கீழை என்ன இருக்குது எண்டு தெரியாமல் விலை பேச ஏலாது” என்றார். நியாயம்தானே. உரித்துக் காட்டுகிறேன் என்று நானும் தம்பியுமாக இழுத்தோம். ஸ்ரிக்கரோடு சிவப்பும் வந்தது. மாடு மோதிய பிறகு அடித்த பெயின்ற், ஒரு பெரிய தட்டளவுக்கு அப்படியே பெயர்ந்து, கீழே சாம்பல் நிறப் பூச்சுத் தெரிந்தது. வந்தவர் சொன்ன விலையை இங்கே எழுத எனக்கு மனமில்லை. கார் விற்கப்படவில்லை. என்னுடைய தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடகுக்குப் போயின. அம்மா இப்போது நடக்கிறார். நகைகளில் ஒரு சோடி காப்பு இன்னும் மீளவில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு ஆள் அகப்பட்டார். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த பிள்ளை, வளைகுடாவில் ஏழு வருடம் கார்களுக்கு இந்த வேலையே செய்துவிட்டு ஊரோடு வந்திருக்கிறார். காரைக் கொண்டு போய்க் காட்டினேன். திரும்ப நல்லதொரு ஸ்ரிக்கர் ஒட்டித் தரும்படி கேட்டேன். அவர் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ரீச்சர், இதுக்கு மேலை ஒட்டினால் நான் உங்களை ஏமாத்தின மாதிரி. ஸ்ரிக்கர் பிடிக்கிறது பெயின்றிலை. பெயின்ற் பிடிக்காட்டி அது எதிலை நிக்கும்?”

வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற ஒரு கடைக்காரரை நான் என் ஆயுளில் கண்டது குறைவு. அன்று அவருடைய கடைத் திண்ணையில் இருந்து, இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டேன். படிப்பித்த எனக்கு அவர் படிப்பித்தார்.

காருக்கு ஒட்டுகிறவற்றில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நிற ஸ்ரிக்கர், ராப் என்பார்கள். அது வினைல் பிளாஸ்ரிக். 80 முதல் 100 மைக்ரோன் தடிப்பு. இதிலேயே மலிவானதும் நல்லதும் எப்படி வேறுபடுகின்றன என்பதை எனக்கு விளங்குகிற மாதிரி நானே மனதில் மொழிபெயர்த்துக் கொண்டேன். மலிவான வகையை உருளைகளுக்கு இடையில் அழுத்தி, இழுத்து மெல்லிதாக்குகிறார்கள். ரொட்டி மாவைத் தட்டி இழுத்து விட்டால் திரும்பவும் சுருங்கப் பார்க்குமே, அதே குணம் இதற்கும் உண்டு. வெயில் சூடு பட்டதும் சுருங்கி, ஓரத்தை இழுத்துக்கொள்ளும். தட்டையான பெயர்ப்பலகைக்குச் சரி, வளைவு நெளிவான காருக்குச் சரிவராது. என் காரில் ஒட்டியது அந்த வகை என்று அவர் துண்டைப் பார்த்தே சொன்னார். நல்ல வகையைத் திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுக்கிறார்கள். நாங்கள் பாயில் பனங்களியை ஊற்றிப் பனாட்டுப் போடுவதுபோல. இழுபடாமல் பிறந்தது என்பதால் அதற்குச் சுருங்குகிற குணம் மிகக் குறைவு.

மற்றச் சாதி, நிறமில்லாத பாதுகாப்புப் பிலிம். கடைகளில் பி.பி.எப். என்பார்கள். இது பொலியூரித்தேன். 150 முதல் 200 மைக்ரோன், கிளியர் கோட்டின் மூன்று நான்கு மடங்கு தடிப்பு. றப்பர் மாதிரி இழுபடும். வியட்நாம் யுத்த காலத்தில் ஹெலிகொப்டர்களின் சுழலும் தகடுகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க அமெரிக்கர்கள் பாவித்த பிலிமிலிருந்து வந்த பரம்பரை இது. முன்னால் போகிற லொறி எறிகிற கல்லை உண்மையில் தாங்குவது இதுதான். மெல்லிய கீறல் விழுந்தால் சுடுதண்ணீர் ஊற்ற மறைகிற வகைகளும் உண்டு. அவர் எனக்கு ஒரு துண்டில் பித்தளைத் தூரிகையால் கீறி, கேத்தல் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். கீறல் கண்ணுக்கு முன்னால் மறைந்தது. அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பெரிய புதினம்.

மலிவு என்று பி.பி.எப். என்ற பெயரில் சாதாரண வினைலை ஒட்டி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பொலியூரித்தேனிலும் தரம் குறைந்தது வெயிலில் மஞ்சளாகும். மன்னார்ச் சகோதரி கவனிக்க வேண்டும், மஞ்சள் முதலில் தெரிவது வெள்ளைக் காரில்தான். செரமிக் என்று பூசுகிறார்களே, அது வேறு. அது மிக மெல்லிய திரவப் பூச்சு. கழுவச் சுகம், தண்ணீர் வழுகி ஓடும், ஆனால் கல்லைத் தடுக்காது.

அப்படியானால் பிலிம் வெயிலைத் தடுக்கிறதா என்று கேட்டேன். தடுக்கிறது. பெயின்ற் சாப்பிட வேண்டிய வெயிலைப் பிலிம் சாப்பிடுகிறது. சாப்பிட்டுச் சாப்பிட்டு அதுவும் ஒருநாள் நொய்ந்து போகிறது. நல்ல கம்பனிகளின் உத்தரவாதப் பத்திரங்களிலேயே, வெயில் கூடிய நாடுகளுக்கு வருடம் குறைவு, படுக்கையான பாகங்களுக்கு இன்னும் குறைவு என்று எழுதியிருப்பார்கள். கடைக்காரர் வாயால் சொல்கிற வருடம், குளிர் நாட்டில் ஒரு கதவுக்குரிய வருடமாக இருக்கலாம். ஆகவே பத்திரத்தைக் கேட்டு வாசியுங்கள், பொனற்றுக்கும் கூரைக்கும் எத்தனை வருடம் என்று பாருங்கள். இன்னொன்று. அதன் காலம் முடிந்த பிறகும் காசுக்குப் பார்த்து விட்டுவைக்கக் கூடாது. வெயிலில் அவிந்த பழைய ஸ்ரிக்கர் முழுதாக உரியாது, சிறு சிறு செதிலாகத்தான் வரும், பசை அப்படியே நிற்கும். உரிப்பதும் நாங்கள் இழுத்ததுபோலப் பலத்தால் அல்ல. சூடு காட்டி, பிலிமைப் பின்னால் மடித்து, மெதுவாக எடுக்க வேண்டும். கொம்பனி அடித்த பெயின்ற் அநேகமாகத் தாங்கும். கராஜில் திரும்ப அடித்தது தாங்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இனிக் கறுப்பு. இதை மகனிடம் தனியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தார் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே மாதிரியான இரண்டு ஹொண்டா சிவிக் கார்களை, ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளி நிறம், கலிபோர்னியாவில் வெயிலில் விட்டுப் பார்த்தார்கள். கறுப்பின் கூரை, வெள்ளி நிறத்தின் கூரையைவிட 25 பாகை செல்சியஸ் வரை கூடச் சுட்டது. உள்ளே இருந்த காற்றில் 5, 6 பாகை வித்தியாசம். வெள்ளை நிறமும் வெள்ளியைப்போல வெயிலைத் திருப்பி அனுப்புகிற நிறம். அதை வாங்கி விட்டு, காசு கொடுத்துக் கறுப்பாக்கி, பிறகு அந்தச் சூட்டைத் தணிக்க ஏசிக்குப் பெற்றோல் எரிப்பதா? சூடு கூடினால் ஸ்ரிக்கரின் ஆயுளும் குறையும். பளபளப்பில்லாத மேற்பரப்பில் காகம் எச்சமிட்டால், தேய்த்துப் பொலிஷ் பண்ணவும் முடியாது, பண்ணினால் அந்த இடம் மட்டும் மினுங்கும்.

கடதாசி விடயத்தையும் மறக்க வேண்டாம். வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறம் எழுதியிருக்கிறது. முழுக் காரின் நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிய வேண்டும். லீசிங் முடியும்வரை அந்தச் சான்றிதழில் கம்பனியின் உரிமையும் இருக்கும். அவர்களைக் கேட்காமல் நிறத்தில் கை வைக்கக் கூடாது. காப்புறுதிக்காரருக்கும் சொல்லிவைக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு, “புத்தகத்தில் வெள்ளை, வீதியில் கறுப்பு” என்று ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது மகனல்ல, பிணை நின்ற நீங்கள்.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கூரைக்கும் பொனற்றுக்கும் ஒழுங்காகத் தேய்த்து, திரும்பச் சிவப்பே அடித்தேன். புதிய பெயின்றுக்குள் இருக்கிற ஆவி வெளியேறாமல் பிலிம் ஒட்டினால் குமிழி வரும் என்று என் மாணவர் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். பிறகு பொனற்றுக்கும், நகக் கீறல் விழுகிற கதவுக் கைபிடிக் குழிகளுக்கும் மட்டும் நிறமில்லாத பிலிம். முழுக் காருக்கும் ஒட்ட என்னிடம் காசில்லை. இருந்தாலும் ஒட்டியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். எங்களுடைய ஓட்டம் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் தானே.

மிச்சக் காசில் வளவுக்குள் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டேன். அதற்கு முன்பு மாமரத்தடியில் விடுவேன், நிழல் என்று. மாம்பால் பெயின்றைச் சுடும், காகம் வேறு. எச்சமும் பாலும் விழுந்தால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவ வேண்டும், காயவிட்டுச் சுரண்டக் கூடாது. கழுவுவதும் நிழலில், உடம்பு ஆறிய பிறகு. இதெல்லாம் காசில்லாத வேலை.

மன்னார்ச் சகோதரிக்கு: சீட்டுக் காசை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். மகன் கெட்டவரல்ல, புதுக் காரின் ஆசை. அவருடைய ஓட்டம் தினமும் மதவாச்சி வீதியில் லொறிகளுக்குப் பின்னால் என்றால், பொனற்றுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் நல்ல நிறமில்லாத பிலிம் ஒட்டலாம், அது ஒரு பகுதிச் செலவோடு முடியும். கறுப்பு வேண்டும் என்று அடம்பிடித்தால், பதிவுச் சான்றிதழையும் லீசிங் பத்திரத்தையும் எடுத்து மேசையில் வையுங்கள். கடைக்கு நீங்களும் கூடப் போங்கள். வினைலா பொலியூரித்தேனா, உருட்டியதா ஊற்றியதா, கூரைக்கு எத்தனை வருடம், உரிக்கும்போது பெயின்ற் வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். “சேர் வரேல்லையா?” என்று கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

என் கொட்டிலின் கிடுகு மேற்குப் பக்கத்தில் உக்கிவிட்டது. மாரிக்கு முன்னர் வேய ஆள் பிடிக்க வேண்டும். பின்னேரத்தில் அந்த ஓட்டையால் ஒரு துண்டு வெயில் சரியாகப் பொனற்றில் வந்து விழுகிறது. அம்மா அதற்கு ஒரு பழைய சேலையைக் கட்டிவிட்டிருக்கிறார்.